ஆற்றோர முகாமுக்கு முதலுதவிப் பெட்டி: என்ன வாங்குவது, எவ்வளவு, எப்படிக் கட்டுவது

ஆன்லைனில் முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு சிவப்புப் பை கிடைக்கிறது. திறந்து பாருங்கள். நாற்பது பேண்ட்-எய்ட், மொக்கையான ஒரு கத்தரி, நூல் நூலாகப் பிரியும் துணிக்கட்டு, கொஞ்சம் பஞ்சு. வீட்டு மேசையில் வைத்துக்கொள்ள அது போதும், ஆற்றங்கரைக்கு உதவாது. ஈரக் காலில் பேண்ட்-எய்ட் ஐந்து நிமிடம்கூட நிற்காது. பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பையே தண்ணீருக்குத் தாங்காது.

இங்கே சொல்வது ஆறு பேர், இரண்டு இரவு, நல்ல மருத்துவமனைக்கு இரண்டு மூன்று மணி நேரத் தொலைவு என்ற கணக்கில். ஒகேனக்கல், தாமிரபரணிக் கரை, வால்பாறை, மேகமலை என்று நம்மூர்க் குடும்பங்களும் நண்பர் கூட்டங்களும் போகிற இடங்களெல்லாம் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வரும். ஆளுக்கும் நாளுக்கும் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் இடத்தைப் பாருங்கள் (15 நாள் முன்பு)

பெட்டியில் என்ன வேண்டும் என்பது மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முகாம் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, அடுத்த அரசு மருத்துவமனை எது, பாம்புக்கடி ஊசியும் மூச்சுக்கருவியும் எங்கே இருக்கின்றன என்று போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுவதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு அங்கே இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

செல்போன் சிக்னல் கடைசியாக எந்த இடத்தில் கிடைக்கிறது என்று முகாம்காரரிடமோ உள்ளூர்க் கடைக்காரரிடமோ கேட்டுவையுங்கள். ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, தீயணைப்பு மீட்பு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இவை போனில் மட்டும் இருந்தால் போதாது. போன் ஆற்றில் விழுந்தாலும் எண்கள் இருக்க வேண்டும், ஆகவே ஒரு அட்டையில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்க முடியாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வாகனத்துக்கு இ-பாஸ் வேண்டும். அங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு

பலர் விட்டுவிடுவது இதைத்தான். மயங்கிக் கிடப்பவருக்கு என்ன ஒவ்வாமை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கூட வந்த நண்பருக்குத் தெரியாது. பெயர், வயது, எடை, ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்துகள், கடைசியாக டி.டி. ஊசி போட்ட வருடம், வீட்டு எண். இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதி, ஆதார் நகலையும் மருத்துவக் காப்பீட்டு அட்டை நகலையும் சேர்த்து ஜிப் கவரில் போடுங்கள். எடையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: குழந்தைகளுக்கு மருந்தின் அளவு எடையை வைத்துத்தான்.

டி.டி. போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சேறும் துருவும் பட்ட காயமென்றால் ஐந்து வருடம் தாண்டியவருக்கே மறுபடி போடுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா இருப்பவர்கள் தங்கள் மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வைக்க வேண்டும். ஒரு பை தண்ணீரோடு போனாலும் இன்னொன்று கையில் இருக்கும். இன்சுலினை ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண்.

3. பெட்டி

மூடியில் ரப்பர் வளையம் உள்ள, நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா போதும். மூன்று லிட்டர் அளவு. அதை வாயைச் சுருட்டிக் கட்டும் நீர்ப்புகாப் பையில் போடுங்கள். வாயை மூன்று சுற்றாவது சுருட்டிய பிறகே கொக்கியை மாட்டவேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்தினால் பரிசல் கவிழும்போது நீர் உள்ளே போய்விடும். வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்: உள்ளே செய்தித்தாள் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். தாள் நனைந்தால் அந்தப் பை வேண்டாம்.

இதோடு, இடுப்பில் கட்டும் சின்னப் பை ஒன்றும் தேவை. பெரிய பெட்டி கூடாரத்தில் இருக்கும், அடிபடுவதோ அரை கிலோமீட்டர் தள்ளிப் பாறை மேல். நான்கு காஸ் (வலைத்துணி) துண்டு, ஒரு கிரேப் கட்டு (இழுபடும் கட்டுத்துணி), பிளாஸ்டர், கையுறை ஒரு ஜோடி, விசில், ஓ.ஆர்.எஸ். ஒன்று. இந்தச் சின்னப் பை எப்போதும் யாராவது ஒருவர் இடுப்பில் இருக்கட்டும்.

4. வெட்டுக்காயம், சுளுக்கு: பெட்டியின் பாதி இதற்குத்தான்

நம்மூர் ஆறுகளில் அதிகம் நடப்பது உடைந்த பாட்டில் கண்ணாடி காலில் ஏறுவது. அடுத்தது பாசிப் பாறையில் வழுக்கி மணிக்கட்டையோ கணுக்காலையோ திருப்பிக்கொள்வது. வாங்கவேண்டியவை:

- கிருமி நீக்கிய காஸ் துண்டு, தனித்தனி உறையில்: 20
- கிரேப் பேண்டேஜ் 10 செ.மீ. அகலம் 2, 15 செ.மீ. 1
- ரோல் பேண்டேஜ்: 4
- ஒரு அங்குல மைக்ரோபோர் (காகிதப் பிளாஸ்டர்) 1, துணிப் பிளாஸ்டர் 1
- பெரிய சானிட்டரி நாப்கின்: 4
- முக்கோணத் துணி: 2 (பழைய பருத்தி வேட்டியை ஒரு மீட்டர் சதுரமாகக் கிழித்துக் குறுக்கே வெட்டினால் இரண்டு கிடைக்கும்)
- நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) 100 மி.லி.: 2
- ஊசியில்லாத 20 மி.லி. சிரிஞ்ச்: 2
- பீட்டாடைன் களிம்பு: 1
- டிங்சர் பென்சாயின்: சின்ன பாட்டில் 1
- நைட்ரைல் கையுறை: 4 ஜோடி
- கூர்முனைச் சிமிட்டா, துணி வெட்டும் கத்தரி, ஊக்கு 6

டிங்சர் பென்சாயின் எதற்கு என்று கடைக்காரரே கேட்பார், ஆவி பிடிக்கத்தானே என்பார். ஈரக் காலில் பிளாஸ்டர் நிற்க வைப்பதே அதுதான். காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோலைத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் மெல்லிசாகத் தடவுங்கள். ஒரு நிமிடத்தில் பிசுபிசுவென்று ஆகும். அப்போது பிளாஸ்டரை ஒட்டினால் ஓரம் கிளம்பாது. காயத்துக்குள் படவே கூடாது, எரியும். எரிசாராயம் கலந்தது, அடுப்புப் பக்கம் திறக்காதீர்கள்.

பாதத்தில் கண்ணாடி வெட்டினால் செய்யவேண்டிய வரிசை இது. கையுறை போடுங்கள். காலைத் தூக்கிவைத்து, காஸ் வைத்து, உள்ளங்கையால் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்த ரத்தம் ஒவ்வொரு முறையும் பிய்ந்துபோகும். நிற்காத ரத்தத்துக்கு நாப்கினை மடித்து வைத்து அதன்மேல் கிரேப் கட்டி இறுக்குங்கள். நின்றபின் கழுவுங்கள். சிரிஞ்சில் குடிதண்ணீரையோ சலைனையோ நிரப்பி, வாய் திறந்த காயத்துக்குள் பீய்ச்ச வேண்டும். அரை லிட்டராவது ஓடட்டும். ஆற்று மணல் ஒரு பொடி உள்ளே தங்கினாலும் இரண்டாம் நாள் சீழ் வைக்கும். எல்லா மருந்தையும்விட இந்தக் கழுவல்தான் வேலை செய்கிறது. ஆற்று நீரிலேயே கழுவிவிட்டு மருந்து போடுவது பெரிய தப்பு.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் காயத்துக்குள் ஊற்றாதீர்கள், ஆற வேண்டிய சதையையே அவை அரித்துவிடும். மஞ்சள்தூள், காபித்தூள், விபூதி, எதுவும் வேண்டாம். தையல் போடுகிற மருத்துவர் முதலில் அதைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டியிருக்கும். ஆழமாகக் குத்தி நிற்கும் கண்ணாடியைப் பிடுங்காதீர்கள். ரோல் பேண்டேஜை வளையம்போல் சுற்றி அதைச் சுற்றிவைத்து, அசையாமல் கட்டி, அன்றைக்கே மருத்துவமனை. ஆற்றுக் காயத்தைப் பிளாஸ்டரால் இழுத்து மூடிவிட்டு ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவும் கூடாது.

சுளுக்குக்கு ஸ்பிரே தேவையில்லை. ஆற்று நீரில் நனைத்த துண்டை இருபது நிமிடம் சுற்றிவைத்து, பின் கிரேப் கட்டி, காலை உயர்த்திவையுங்கள். விரல் நுனி நீலமாகவோ மரத்தோ போனால் கட்டைத் தளர்த்துங்கள். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் எலும்பு முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையையும் பாதிக்கு மேல் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பின்பக்கம் வாருள்ள செருப்பு போடாமல் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். ரப்பர் செருப்பு ஒழுக்கோடு போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கட்டாயம்.

5. மாத்திரைகள்

பாராசிட்டமால் 650 மி.கி. 15 மாத்திரை. பெரியவர்களுக்கு ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். குழந்தைகள் வந்தால் அவர்கள் எடைக்கான சிரப்பை மருத்துவரிடம் கேட்டு, அளவைப் பாட்டில் மேலேயே எழுதுங்கள். ஒவ்வாமைக்குச் செட்ரிசின் 10 மி.கி. 10 மாத்திரை. வாந்தி மாத்திரையும் அசிடிட்டி மாத்திரையும் உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுப்பதை, மருந்துச் சீட்டோடு.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூபன் வகை வலி மாத்திரைகளைப் பெட்டியில் சேர்க்காமலிருப்பதே நல்லது. காய்ச்சல் டெங்குவாக இருந்தாலோ, கடித்தது விரியனாக இருந்தாலோ ரத்தக்கசிவை அவை கூட்டிவிடும். மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை வீட்டு அலமாரியிலிருந்து அள்ளிப் போடுவதும் வேண்டாம்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். ஆற்றோர ஈரத்தில் ஒரே இரவில் பொதுபொதுவென்று ஆகிவிடும். அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் பக்கம் உங்களிடம் இருக்கட்டும். கார் டேஷ்போர்டு வெயிலில் பெட்டியை விட்டுப் போகாதீர்கள்.

6. வயிறும் தண்ணீரும்

ஓ.ஆர்.எஸ். 10 பாக்கெட். பாக்கெட்டின் எடையைப் படியுங்கள். 21 கிராம் அளவுள்ளது ஒரு லிட்டருக்கு, 4 கிராம் சொச்சம் உள்ளது 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறி, பேதி இன்னும் கூடும். குழந்தைக்கு அது ஆபத்து. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்களில் சர்க்கரை அதிகம், அவை ஓ.ஆர்.எஸ். ஆகாது. பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

பேதியை உடனே கட்டும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களுக்கும் கூடாது.

தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். குளோரின் மாத்திரையும் ஒரு அட்டை இருக்கட்டும். எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது மாத்திரையின் அளவுக்கேற்ப மாறும், உறையைப் பாருங்கள். போட்டு அரை மணி நேரம் காத்திருக்கவேண்டும். கலங்கல் நீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது.

7. அட்டைப்பூச்சி, தேனீ, மீன்முள்

அட்டைக்கு: முழங்கால்வரை வரும் அட்டைச் சாக்ஸ் ஆளுக்கு ஒரு ஜோடி. கடித்துவிட்டால் நகத்தை அதன் மெல்லிய முனையின் அடியில் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளுங்கள். வாய் விட்டதும் தடித்த முனையையும் அப்படியே. ஒட்டியிருக்கும்போது உப்பு, புகையிலை, நெருப்பு வைத்தால் வயிற்றிலிருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிட்டுப் போகும். ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை அது செலுத்துவதால் விழுந்த பிறகும் நெடுநேரம் கசியும். பயப்படாமல் காஸ் வைத்து அழுத்திக் கட்டுங்கள்.

மலைத்தேனீ கூட்டமாக வந்தால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்துங்கள். தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், தலை வெளியே வரும்வரை அவை மேலேயே சுற்றும். கொடுக்கை நகத்தாலோ ஒரு கெட்டிக் காகித அட்டையாலோ உடனே வழித்தெடுங்கள். முகம் வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்தாலோ செட்ரிசினை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், அப்போது தேவை அட்ரினலின் ஊசி. முன்பு அப்படி ஆனவர் கூட்டத்தில் இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

கெளுத்தி முள் குத்தினால் வலி உயிர்போகும். அதற்கு மருந்து வெந்நீர்தான். பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி, குத்துப்பட்ட கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை மூழ்கவைத்தால் வலி தணியும். சூட்டை நல்ல கையால் பாருங்கள். வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். முள் ஒடிந்து உள்ளே நின்றால் மருத்துவமனை.

குரங்கோ நாயோ கடித்தால், பிராண்டினாலும்கூட, சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்த் தடுப்பூசி. ஆகவே ஒரு சோப்புக்கட்டி பெட்டியில் இருக்கவேண்டும்.

8. பாம்புக்கடிக்கு: பெட்டியில் போடக்கூடாதவை

விஷத்தை உறிஞ்சும் பம்பு, பிளேடு, இறுக்கிக் கட்டும் ரப்பர் பட்டை. மூன்றையும் வாங்காதீர்கள். இறுக்கிக் கட்டிய கால் அழுகுவதும், கட்டை அவிழ்த்ததும் விஷம் ஒரேயடியாக ஏறுவதும்தான் மிச்சம். விஷமுறிவு ஊசியை நாமே எடுத்துப்போகவும் முடியாது. ரத்தக்குழாயில் மருத்துவர் ஏற்றவேண்டிய மருந்து, அதற்கே கடுமையான ஒவ்வாமை வரலாம்.

வேண்டியது ஒரு மார்க்கர் பேனா, முக்கோணத் துணி, நேரான குச்சி. மோதிரம், மெட்டி, வளையல், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி அசையவிடாதீர்கள். வீக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். நடக்கவைக்காமல் தூக்கிச் செல்லுங்கள். வண்டி வராத இடமென்றால் இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவே உட்காரவைத்து. பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை, அதைத் தேடியே நேரம் போகும், இன்னொருவரும் கடிபடுவார்.

கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ பல்தடமோ தெரியாமல் போகலாம். விடிகாலையில் ஒருவர் வயிற்று வலி என்கிறார், கண் இமை தானாகத் தொங்குகிறது, விழுங்க முடியவில்லை என்றால் கடித்ததை யாரும் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே கிளம்புங்கள். வெறுந்தரையில் படுக்காமல், கூடாரத்தின் ஜிப்பை முழுக்கச் சாத்திப் படுப்பதே தடுப்பு.

9. மூழ்கியவரை எடுத்தபின்

பெட்டியில் இதற்கு வாய்வழி மூச்சுக்கான தடுப்புத் தாள் ஒன்றும், வெளியே 15 மீட்டர் மிதக்கும் கயிறும் இருக்கட்டும். மற்றதெல்லாம் பயிற்சி. நீந்திப் போய்ப் பிடிக்காதீர்கள், கயிறையோ வேட்டியையோ வீசுங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் கூடவே கூடாது. மூச்சில்லை என்றால் முதலில் இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவருக்கு 5 செ.மீ. ஆழம். கூட்டத்தில் இரண்டு பேராவது கிளம்பும் முன் ஒரு நாள் சி.பி.ஆர். பயிற்சி எடுத்திருக்கவேண்டும். எழுந்து பேசினாலும் மருத்துவமனையில் காட்டியே ஆகவேண்டும், நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் வீங்கும்.

10. செலவு

டப்பா, நீர்ப்புகாப் பை உட்பட எல்லாம் சேர்த்துச் சுமார் 1,800 முதல் 2,500 ரூபாய் வரும், ஊருக்கு ஊர் மாறும். அட்டைச் சாக்ஸும் கயிறும் தனி. மாத்திரைகளை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் குறையும். காசு மிச்சம் பிடிப்பதென்றால் டப்பாவில் பிடியுங்கள், கிரேப் பேண்டேஜில் வேண்டாம். மலிவான கிரேப் ஒரு முறை நனைந்ததும் இழுவை போய்விடும்.

11. கட்டும் முறை (முந்தின நாள் மாலை)

ரத்தம், வயிறு, கடி, மாத்திரை என்று நான்கு ஜிப் கவர். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் பெயர். கையுறையும் காஸும் எல்லாவற்றுக்கும் மேலே. டிங்சர், பீட்டாடைனைத் தனிக் கவரில் கட்டிப் போடுங்கள், கசிந்தால் எல்லாம் பாழ். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று பெட்டியோடே இருக்கட்டும், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு காயம் கட்ட முடியாது. கட்டி முடித்ததும் கூட வருபவர் ஒருவரிடம் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, “கையுறையும் கிரேப்பும் எடு” என்று சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் எடுக்கவில்லை என்றால் மறுபடி அடுக்குங்கள்.

12. திரும்பி வந்தபின்

பெட்டியைத் திறந்து நிழலில் உலர்த்தி, தீர்ந்ததை அன்றே எழுதிவையுங்கள். மூன்று வாரம் வரை யாருக்காவது காய்ச்சல் வந்தால், “ஆற்றில் குளித்தோம், காட்டில் தங்கினோம்” என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல்போல்தான் தொடங்கும். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்புறம் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.